சின்னப் பிள்ளை மறந்துவிடும் என்று சொல்லாதீர்கள்

(பெங்களூர் மர்பி டவுனில் நடந்த சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போருக்குள் அகப்பட்டு உயிர் தப்பிய குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பின்னும் அவர்கள் உள்ளத்தில் என்ன மிஞ்சி நிற்கிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் கேட்டார்கள். நான் மருத்துவன் அல்லன். இந்தப் பகுதியில் நீண்ட காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற ஆசிரியன். ஆகவே அறிஞர்கள் எழுதியவற்றில் நான் படித்துத் தெளிந்ததையும், இந்தத் தெருக்களில் கண்ணால் கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மர்பி டவுனில் இருப்பவர்களுக்கு விமான இரைச்சல் புதிதன்று. பழைய எச்.ஏ.எல். விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போனால் பேச்சை நிறுத்துவோம், போனதும் தொடர்வோம். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் குடியிருந்தார். மன்னார்ப் பக்கத்தவர். 1990-இல் ஆறு வயதில் தாயோடு படகேறி இராமேசுவரம் வந்து, முகாமில் வளர்ந்து, இங்குள்ள ஒருவரை மணந்து வந்தவர். தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். கலகலப்பானவர். ஒரு நாள் துணி கொடுக்க என் மனைவியோடு போயிருந்தேன். ஹெலிகாப்டர் ஒன்று தாழப் பறந்தது. பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்தார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த மகளை இழுத்து அணைத்துக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டார். சத்தம் அடங்கிய பிறகுதான் எழுந்தார். வெட்கப்பட்டுச் சிரித்தபடி எங்களிடம் சொன்னார்: "இது இந்தியா எண்டு எனக்குத் தெரியும் ஐயா. என்ர கை காலுக்குத்தான் அது தெரியேல்லை."

தோழர்களே, நான் பல புத்தகங்களில் படித்ததை அந்தத் தங்கை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அறிவுக்குப் போர் முடிந்துவிட்டது. கை காலுக்கு முடியவில்லை.

குழந்தைக்கு என்ன தெரியும்?

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டிலும் சண்டையிலும் குழந்தை அழுதால், "சின்னப் பிள்ளை, நாளைக்கே மறந்துவிடும்" என்று ஆறுதல் சொல்வோம். அன்பினால் சொல்கிறோம். ஆனால் இதே வார்த்தையை அரசாங்கங்கள் சொன்னபோது அது அநீதியாக மாறியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி, நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டம் இயற்றியது. மன நோய்க்காக இழப்பீடு கேட்டவர்கள் மருத்துவர் முன் நிற்க வேண்டியிருந்தது. "அப்போது நீ கைக்குழந்தை, உனக்கு என்ன நினைவிருக்கும்? இப்போது உனக்கு இருக்கும் நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை" என்று சொல்லி மறுத்த மருத்துவர்கள் இருந்தார்கள். தாய் தகப்பனைச் சிறைக்கூடத்தில் பறிகொடுத்த பிள்ளை, வளர்ந்து ஆளானபின், தனக்கு வலித்தது என்பதைச் சான்று காட்டி நிறுவ வேண்டியிருந்தது! இதை எதிர்த்து உளநோய் அறிஞர்கள் நெடுங்காலம் எழுதிப் போராடினார்கள்.

உண்மை என்ன? மூன்று வயதுக் குழந்தைக்கு நிகழ்ச்சியின் நாளும் ஊரும் நினைவில் நிற்காது. ஆனால் அச்சம் நிற்கும். பெரியவர் ஒருவர், "அன்று இன்னது நடந்தது, அது முடிந்தது" என்று கதையாகச் சொல்லி மனத்தில் அடுக்கி வைக்க முடியும். சொல் வராத வயதில் பட்ட அடியை அப்படி அடுக்கி வைக்க முடியாது. அது தூக்கமின்மையாக, திடுக்கிடலாக, காரணம் தெரியாத வயிற்று வலியாக, மூடிய அறைக்குள் மூச்சு முட்டுவதாக வெளிப்படும். ஐந்தாறு வயதில் படுக்கையை நனைக்கும்; பேசிய பிள்ளை பேச்சை விடும்; குண்டு வீசும் விளையாட்டையே திரும்பத் திரும்ப விளையாடும். பத்துப் பன்னிரண்டில் பாடம் ஏறாது. பதினெட்டில் ஒன்று குடி, இல்லையேல் யாரையும் நெருங்கவிடாத தனிமை. நாற்பதில் குடும்பம், வேலை என்று நன்றாக இருப்பதுபோலத் தெரியும். அறுபதில் வேலை ஓய்ந்து பிள்ளைகள் பிரிந்து போன பிறகு, அடக்கி வைத்தது மீண்டும் எழும்.

இதை நான் என் குடும்பத்திலேயே கண்டேன். 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு வீசிய பிறகு, பர்மாவிலிருந்து இந்தியர்கள் நான்கைந்து லட்சம் பேர் ஓடி வந்தார்கள். கப்பலில் இடம் கிடைக்காத ஏழைகள் அரக்கான் மலைகளைக் கடந்தும், தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தே வந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். அப்படி நடந்து வந்தவர்களில் என் பெரியம்மாவும் ஒருவர். அப்போது வயது எட்டு. நான் அறிந்த காலம் முழுவதும் அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. கடைசிக் காலத்தில், தலையணைக்கு அடியில் முடிச்சு முடிச்சாக அரிசி கட்டி வைக்கத் தொடங்கினார். வீட்டில் மூட்டையாக அரிசி இருந்தது. "கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்றார்கள். பேதலிக்கவில்லை. எட்டு வயதுப் பெண் திரும்பி வந்திருந்தாள். எழுபது ஆண்டுகளில் அவரை யாரும் ஒரு முறைகூட உட்கார வைத்துக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று காலங்கள்

இனி நான் சொல்ல வந்த மையக் கருத்துக்கு வருகிறேன். ஹான்ஸ் கைல்சன் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1909-இல் ஜெர்மனியில் பிறந்த யூதர். இட்லர் ஆட்சிக்கு அஞ்சி 1936-இல் ஹாலந்துக்குப் போனார். ஹாலந்தும் நாஜிகள் வசமானபோது பொய்ப் பெயரில் மறைந்து வாழ்ந்தார். அந்த நிலையிலும் ஊர் ஊராகச் சென்று, அயலார் வீடுகளில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த யூதக் குழந்தைகளைக் கவனித்து வந்தார். அவருடைய பெற்றோர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்தபோது ஹாலந்தில் தாய் தகப்பனை இழந்த யூதக் குழந்தைகள் ஏறத்தாழ 2,000 பேர். அவர்களில் சுமார் 200 பேர் கால் நூற்றாண்டுக்குப் பின் எப்படி இருக்கிறார்கள் என்று தொடர்ந்து ஆராய்ந்து, 1979-இல், தம் எழுபதாவது வயதில், ஆய்வு நூலை வெளியிட்டார்.

அவர் குழந்தைகளின் துயரத்தை மூன்று காலமாகப் பிரித்தார். பகைப்படை வந்து குடும்பத்தைச் சுற்றி அச்சம் சூழ்வது முதற்காலம். தாயைப் பிரிந்து ஒளிந்து வாழ்வது, சிறைக்கூடம் போவது இரண்டாம் காலம். போர் முடிந்து, பிழைத்த பிள்ளையை யார் ஏற்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பது மூன்றாம் காலம்.

எந்தக் காலம் பிள்ளையை அதிகமாக முடமாக்குகிறது? இரண்டாவது என்றுதான் நாம் நினைப்போம். கைல்சன் கண்டது வேறு. இரண்டாம் காலத்தில் மிகக் கொடுமைப்பட்டும், மூன்றாம் காலத்தில் நல்ல ஆதரவு பெற்ற பிள்ளைகள், இரண்டாம் காலத்தில் ஓரளவு குறைவாகவே துன்பப்பட்டு மூன்றாம் காலத்தில் கைவிடப்பட்ட பிள்ளைகளைக் காட்டிலும் நன்றாக இருந்தார்கள்! வீடு வீடாக மாற்றப்பட்டவர்கள், நீ யார் என்று யாரும் சொல்லாமல் விடப்பட்டவர்கள், பேச வாய் திறந்தபோது "பழையதைக் கிளறாதே" என்று அடக்கப்பட்டவர்கள், இவர்களே பின்னாளில் அதிகம் நொறுங்கினார்கள்.

இதற்கு முன்பே லண்டனில், குண்டுவீச்சு நடந்த காலத்தில், ஆனா பிராய்டும் டாரதி பர்லிங்காமும் குழந்தைகள் இல்லம் நடத்தி ஒன்றைக் கண்டறிந்தார்கள். குண்டு விழும்போது தாயின் பக்கத்தில் இருந்த குழந்தையைவிட, குண்டு விழாத ஊருக்குத் தாயைப் பிரித்து அனுப்பப்பட்ட குழந்தையே அதிகம் கலங்கியது. பிள்ளைக்கு உலகம் என்பது அதைத் தாங்கும் மனிதர்கள்தான். அந்த மனிதர்கள் இருந்தால் வீடு இடிந்தாலும் உலகம் இடிவதில்லை.

தோழர்களே, இது நமக்கு ஆறுதலும் ஆகும், குற்றச்சாட்டும் ஆகும். முதல் இரண்டு காலத்தை நம்மால் தடுக்க முடியவில்லை என்று சொல்லித் தப்பலாம். மூன்றாம் காலம் நம் கையில் இருக்கிறது.

ஈழத்துப் பிள்ளைகள்

இந்த அளவுகோலை வைத்து ஈழத்தைப் பாருங்கள். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தியபோது, அண்டை வீட்டில் ஒளிந்து அதைப் பார்த்த பிள்ளைக்கு அன்று ஏழு வயது என்றால், இன்று ஐம்பதைத் தொட்டிருக்கும். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் பதுங்கு குழியில் கிடந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு இன்று குடும்பம் தொடங்கும் வயது. இருபத்தாறு ஆண்டுப் போரில் ஒரு தலைமுறை அன்று, இரண்டு தலைமுறை குழந்தைப் பருவத்தைப் பதுங்கு குழியில் கழித்தது.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் நடந்த காலத்திலேயே அந்த மண்ணில் இருந்து நோயாளிகளைப் பார்த்தவர். போர் மனத்தில் விடும் தழும்பைப் பற்றி 1998-இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். மனவடு என்னும் அருமையான தமிழ்ச் சொல் அங்கே வழக்கில் இருக்கிறது. புண் ஆறினாலும் வடு நிற்கும். அவர் வலியுறுத்துவது இது: மேலை நாட்டு நூல்கள் தனி மனிதனின் நோயைப் பேசுகின்றன, நம் சமுதாயத்தில் காயப்படுவது குடும்பமும் ஊரும். கோயில் திருவிழா நின்றது, ஊர்ப் பெரியவர் சொல் செல்லாமற் போயிற்று, அயலார் மீது நம்பிக்கை போயிற்று. பிள்ளையைத் தாங்கும் வலையே அறுந்தது.

2009-இல் வெளியான ஓர் ஆய்வில், போர் நடந்த பகுதிகளின் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 92 பேர் குண்டுவீச்சு, ஷெல்லடி, உற்றார் சாவு போன்ற கொடுமைகளை அனுபவித்தவர்கள் என்றும், நூற்றுக்கு 25 பேர் மனவடு நோயின் முழு அடையாளங்களோடு இருந்தார்கள் என்றும் கண்டார்கள். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். நான்கில் ஒரு பிள்ளை நோயில் வீழ்ந்தது பெருங்கொடுமை. ஆனால் இவ்வளவுக்கும் பிறகு நான்கில் மூன்று பிள்ளைகள் அந்த நோயில் விழாமல் நின்றன. ஆகவே தப்பிய பிள்ளை எல்லாம் பைத்தியம் என்று முத்திரை குத்துவதும் தவறு. இன்னொரு ஆய்வு, வீட்டுக்குள் பிள்ளை அடிபடுவதற்கும் போர் அனுபவத்துக்கும் தகப்பனின் குடிக்கும் தொடர்பு உண்டு என்று காட்டியது. வெளியே போர் ஓய்ந்தாலும் பல வீடுகளில் அது ஓயவில்லை என்று பொருள்.

கசப்பான உண்மையையும் பேச வேண்டும். பாதுகாப்பு வலயம் என்று தானே அறிவித்த இடத்திலும் மருத்துவமனைகளிலும் இலங்கை அரசுப் படை ஷெல் அடித்ததை ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் எழுதியது. அதே அறிக்கை, விடுதலைப் புலிகள் சிறுவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும், தப்பியோட முயன்ற மக்களைச் சுட்டதையும் எழுதியது. தாய் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப்பட்ட பிள்ளைக்கு, பிடுங்கியவர் எந்தக் கொடியின் கீழ் நின்றார் என்பது ஆறுதல் தராது.

பிறகு மூன்றாம் காலம். ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் பேர் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. தகப்பன் இறந்தான் என்றால் பிள்ளை அழுது தீர்க்கும். இருக்கிறான் என்றால் காத்திருக்கும். இரண்டும் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? தலைத்திவசம் கொடுக்கவும் மனம் வராது, பொட்டழிக்கத் தாய்க்கும் மனம் வராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடித்தார்கள். மாணவர் எதிர்ப்பால் மீண்டும் கட்டினார்கள். 2025-இல் செம்மணியில் தோண்டியபோது குழந்தைகளின் எலும்புக்கூடுகளும் ஒரு பள்ளிப் பையும் பொம்மையும் வெளியே வந்தன. அழுவதற்கு இடம் கொடாத நாட்டில் மூன்றாம் காலம் எப்படி நல்ல காலமாகும்?

நம் பெயரால் விரட்டப்பட்ட பிள்ளைகள்

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போனால் இந்த உரை நேர்மையாக இராது. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 70,000 பேர். தமிழே தாய்மொழி. நகையும் பணமும் பறிக்கப்பட்டு, குழந்தைகளைத் தோளில் சுமந்து, புத்தளத்து உப்பளக் காற்றில் ஓலைக் கொட்டிலில் போய் விழுந்தார்கள். "எங்கள் தெருவில் விளையாடிய அண்ணன்மார் ஏன் எங்களைத் துரத்தினார்கள்?" என்பது அந்தப் பிள்ளைகள் மனத்தில் நிற்கும் கேள்வி. அதற்கு நாம் இன்றும் சரியாகப் பதில் சொல்லவில்லை. நமக்கு நடந்ததை உலகம் கேட்க வேண்டும் என்று கோருகிற நாம், நம் பெயரால் நடந்ததைக் கேட்கக் காதைப் பொத்திக்கொண்டால், நம் கோரிக்கைக்கு என்ன மதிப்பு?

முகாமில் நீளும் மூன்றாம் காலம்

இனித் தமிழகத்துக்கு வருவோம். 1983 முதல் அலை அலையாக வந்தவர்களில் சுமார் 58,000 பேர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். வெளியே பதிவு செய்துகொண்டு 30,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். பத்துக்குப் பத்து அறை, கணக்கெடுப்பு நாளில் ஆள் இருந்தாக வேண்டிய கட்டாயம், வெளியூர் போக அனுமதி. முகாமில் பிறந்தவர்களுக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டன.

நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்வியைக் கைப்பிடியாகக் கொண்டு பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தியது. படிக்கும் பிள்ளைக்கு நாளை என்று ஒன்று உண்டு என்ற நம்பிக்கை பிறக்கிறது. மனவடுவுக்கு அதைவிட மருந்து இல்லை. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 7,469 புதிய வீடுகள் கட்ட அறிவித்தது.

ஆனால் பட்டம் வாங்கிய பிள்ளை அடுத்து எங்கே போவது? குடியுரிமை இல்லை, ஆகவே அரசு வேலை இல்லை. பட்டதாரி பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு வர்ணம் அடிக்கப் போகிறான். இந்தியாவில் பிறந்தாலும், 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமக்களாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019-இல் திருத்திய குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் எண்ணியது, இலங்கையை எண்ணவில்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாக் குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. வரவேற்போம். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, நீ எம்மவன் என்பது வேறு. கைல்சன் ஹாலந்தில் கண்டதும் இதுதான். நீ யார், எங்கே சேர்ந்தவன் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காத பிள்ளைக்குப் போர் முடிவதில்லை. குடியுரிமை என்பது சட்ட விவகாரம் மட்டும் அன்று தோழர்களே, அது மருத்துவமும் ஆகும்.

நம் தெருவின் டிசம்பர்

இவ்வளவு நேரம் ஈழத்தையும் ஹாலந்தையும் பேசினேன். இந்த அரங்கில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு டிசம்பர் நினைவிருக்கும். 1991-இல் காவிரி நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்த மறுநாள், டிசம்பர் 12 அன்று பெங்களூரில் மூண்ட வன்முறை. தமிழர் கடைகளும் குடிசைகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டே ஓடினார்கள். அது போர் அன்று. முள்ளிவாய்க்காலோடு அதை ஒப்பிடுவது பெரும் பிழை. நம்மை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றிய கன்னடத் தாய்மாரை மறப்பதும் பிழை. ஆனால் குழந்தை அளவுகோல் வைத்துக்கொண்டு அஞ்சுவதில்லை. கட்டிலுக்கு அடியில் படுத்து, "தமிழில் பேசாதே, மூச்சு விடாதே" என்று தாய் வாயைப் பொத்தியது அந்தப் பிள்ளைக்கு உலக முடிவுதான்.

என் வகுப்பில் அப்போது ஒரு பையன் இருந்தான். திருக்குறள் ஒப்பிப்பதில் முதல். விடுமுறை முடிந்து வந்தபோது எழுந்து நின்றான், வாய் திறக்கவில்லை. நான் அடம் என்று நினைத்தேன். வெளியே நிற்க வைத்தேன். தோழர்களே, அந்தப் பாவம் என்னுடையது. பல ஆண்டுக்குப் பின் வழியில் கண்டேன். நல்ல வேலை, மனைவி, பிள்ளை. "எப்படி இருக்கிறாய்?" என்றேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "நன்றாக இருக்கிறேன் சார்" என்றான். மெல்லப் பேசு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் தன் மகள் "அப்பா" என்று கூப்பிட்டால் தனக்கு வியர்த்துவிடுகிறது என்றான். 2016 செப்டம்பரில் மீண்டும் காவிரியால் பேருந்துகள் எரிந்தபோது இரண்டு இரவு தூங்கவில்லை என்றான். அந்த மகள் 1991-ஐக் காணாதவள். ஆனால் அப்பாவின் வியர்வையை அவள் காண்கிறாள். அச்சம் இப்படித்தான் சீதனம்போல அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

இங்கிருந்து கூப்பிடு தொலைவில் அல்சூர் ஏரிக்கரை. 1991-இல் திறக்க இருந்த திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் துணி சுற்றி மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். சில நாளில் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. இரு பக்கமும் பேசி, இரு பக்கமும் மதித்ததால் அது நடந்தது. சிலையின் கட்டை அவிழ்த்தோம். அந்த டிசம்பரில் வாயடைத்துப் போன பிள்ளைகளின் கட்டை யார் அவிழ்ப்பது?

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, கேட்பது. தோண்டித் துருவிக் கேட்பதன்று. சொல்ல வரும்போது தடுக்காமல் இருப்பது. "அதெல்லாம் இப்போது எதற்கு?" என்ற வார்த்தையை நம் வீட்டிலிருந்து விலக்குங்கள். சொல்லும்படி வற்புறுத்துவதும் கொடுமைதான். அவரவர் வேளையில் வரட்டும். நம் சங்கம் மூத்தவர்களின் அனுபவத்தை அவர்கள் சம்மதத்தோடு எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகளுக்கு விளையாட்டும் கலையும். மட்டக்களப்பில் 1996-இல் வண்ணத்துப்பூச்சியின் பெயரால் ஓர் அமைதிப் பூங்கா தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் குழந்தைகள் சேர்ந்து மண்ணிலும் வண்ணத்திலும் நாடகத்திலும் தம் அச்சத்தை வெளியே எடுத்தார்கள். சொல் வராத வயதின் புண்ணுக்குச் சொல் மட்டும் மருந்தாகாது. நம் மாலை வகுப்புகளில் கணக்கோடு இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம்.

மூன்றாவது, மருத்துவத்துக்கு வெட்கப்படாதீர்கள். தூக்கம் மாதக்கணக்கில் கெட்டால், குடி மிஞ்சினால், வாழ்வு வேண்டாம் என்று தோன்றினால், மந்திரிப்பவரிடம் மட்டும் ஓடாதீர்கள். நாட்டின் தலையாய மனநல மருத்துவ நிறுவனமாகிய நிம்ஹான்ஸ் இதே ஊரில், ஓசூர் சாலையில் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம். மனவடு என்பது கோழைத்தனம் அன்று. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் நிலை கண்டு 1980-இல் அமெரிக்க உளமருத்துவர்கள் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். துப்பாக்கி ஏந்தியவனுக்கே வரும் என்றால், பால் குடித்த பிள்ளைக்கு வராதா?

நான்காவது, அரசியல் கடமை. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டும், திரும்பிச் செல்ல விரும்புவோருக்குப் பாதுகாப்பான வழி கேட்டும் நாம் தொடர்ந்து குரல் கொடுக்க வேண்டும். காசாவிலும் சூடானிலும் உக்ரைனிலும் போரில் அகப்பட்ட குழந்தைகளுக்கும் அதே குரல் எழ வேண்டும். மொழி நம்முடையதாக இருந்தால்தான் இரங்குவோம் என்பது இரக்கம் ஆகாது.

முடிக்கிறேன். அந்தத் தையல்காரத் தங்கை இப்போது வேறு பகுதிக்குக் குடிபோய்விட்டார். போகும் முன் ஒரு நாள் என் மனைவி அவரோடு உட்கார்ந்திருந்தபோது மறுபடி ஹெலிகாப்டர் வந்ததாம். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நாற்காலியை விட்டு எழவில்லையாம். நடுங்கினார், ஆனால் எழவில்லை. சத்தம் போனதும், விட்ட இடத்திலிருந்து தைத்தாராம். மூன்றாம் காலத்தில் நாம் செய்யக்கூடியது என்ன என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்வேன். சின்னப் பிள்ளை மறந்துவிடும் என்று சொல்லாதீர்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.